பக்கத்து வீட்டுத் தொலைபேசி

11 ஆகஸ்ட் 1997, திங்கள்
மயிலாப்பூரில் எங்கள் ரத்ததானச் சங்கத்துக்கு ஒரு வங்கி கொடுத்த பழைய கணினி வந்தது. செயலாளர் சூடாமணி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். "சுப்பராமன் சார், உங்க டோனர் அட்டைப் பெட்டிக்கு இன்னியோட ரிடயர்மெண்ட்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

18 ஆகஸ்ட்
கொடையாளர் அட்டைகளைப் பார்த்து, சங்கத்தில் தட்டச்சு செய்யும் மாளவிகா கணினியில் ஏற்றுகிறாள். பாதிப் பேருக்குச் சொந்தத் தொலைபேசி இல்லை. பக்கத்து வீடு, எதிர்க்கடை எண்தான்; பி.பி. நம்பர் என்பார்கள். "மாமா, பி.பி. நம்பர்னா யாராத்துது, யாரைக் கூப்பிடணும்னு எழுத இதுல எடமே இல்லையே. இவாளை விட்டுடட்டுமா?"

"செயலாளரைக் கேட்டுக்கோம்மா" என்றேன். கூடாது என்று சொல்லியிருக்கலாம். அட்டையை விட மனமில்லாத கிழவன் என்பார்களோ?

22 ஆகஸ்ட்
விட்டுவிட்டார்கள். அட்டைகள் பரணில்.

3 செப்டம்பர்
சாந்தோமில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அஸ்மத்துன்னிசா என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். கணினி இருவரைக் காட்டியது. ஒருவர் வெளியூரில், மற்றவர் வீட்டில் மணி மட்டும் அடித்தது. கணவர் யாசிர் எங்கள் வாசலிலேயே நின்றார். "மிஷின் இன்னா சார் சொல்லுது?"

நொச்சிக்குப்பம் முருகையன் ஓ நெகட்டிவ். டீக்கடை எண். எனக்கு உடனே நினைவு வந்தது. சூடாமணி அதே எண்ணைத் திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருந்தார். குறுக்கே பேச நா எழவில்லை. ஒருவழியாகப் பேசி, பரணில் தேடி அட்டையை எடுத்தபோது மதியமாகிவிட்டது.

"காலைலேர்ந்து இங்கதான் சார் சீட்டாடிகினு கீறாரு. இதோ அனுப்பறேன்" என்றார் டீக்கடைக்காரர்.

யாசிரோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முருகையன் அங்கே ஓடிவந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டார். செவிலி வந்து, இனி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

4 செப்டம்பர்
எனக்குத் தெரிஞ்சுதே. தெரிஞ்சுண்டும் வாயைத் திறக்கலையே நான்—

9 செப்டம்பர்
முருகையன் எண் கணினியில் விட்டுப்போனதைச் சூடாமணியிடம் சொன்னேன். "நம்ம கைல என்ன சார் இருக்கு?" என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். மறுபடியும்.

20 அக்டோபர்
யாசிர் வந்தார். கொடையாளராகச் சேர வேண்டுமாம். குழந்தை மாமியாரிடம் வளர்கிறது. மாளவிகா தொலைபேசி எண் கேட்டாள்.

"மேல் வூட்டு நம்பர்தான்மா. சொன்னா கூப்புடுவாங்க."

அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

"முகவரியிலேயே சேர்த்துப் போடும்மா, தெருப் பேருக்குப் பின்னால" என்றேன். "பரண்ல இருக்கறதையும் இறக்கு. எல்லாரையும் ஏத்தணும்." சூடாமணி திரும்பிப் பார்க்குமளவுக்குக் குரல் உயர்ந்திருந்தது.

மாளவிகா அடித்தாள். கணினி ஏற்றுக்கொண்டது.

இடம் இருந்திருக்கிறது.