நிறுத்திவைத்த லிஃப்ட்

மார்ச் 3, திங்கள்

இன்று ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பு வேலை. கூண்டுக்குள் சட்டம், மேலே மோட்டார் அறையில் நான். எதற்கெடுத்தாலும் விதிமுறை பேசுகிறவன் என்று என் கூட்டாளிக்கு அலுவலகம் வைத்த பேர் அது. இப்போது அவன் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். கதவைச் சோதிக்க லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தினேன். சட்டம் வேலையை முடித்துவிட்டு இன்டர்காமில் "ஓட்டு" என்றான். நான் ஓட்டவில்லை.

பின்னே என்ன செய்வது? வண்டியில் ஆண்டவரைப் பற்றிப் பேச்செடுத்தால் ரேடியோவைத் திருகுகிறான். சாப்பிடும்போது ஆரம்பித்தால் கை கழுவ எழுந்துவிடுகிறான். இன்று எங்கே போவான்? நான் குடியில் கிடந்தது, ஆண்டவர் என்னைத் தூக்கி எடுத்தது, ஞானஸ்நானம் வரை எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னேன். நடுவில் இன்னும் இரண்டு தடவை "ஓட்டு" என்றான். அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மனம் இளகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் லிஃப்டை ஓட்டினேன். வெளியே வந்தவன் முகம் வெளுத்திருந்தது. சட்டை முழுக்க வியர்வை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிப் போனான். பேருந்தில் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

மார்ச் 4, செவ்வாய்

வேறு ஆளோடு போடச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறான். மாதக் கடைசி வரை ஆள் இல்லை, அதுவரை பொறுத்துக்கொள் என்று அவர் சொல்லியிருக்கிறார். காரணம் கேட்டதற்குச் சட்டம் வாயே திறக்கவில்லையாம். காட்டிக்கொடுத்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

நான் நல்லதைத்தானே சொன்னேன்? விஷத்தையா கொடுத்தேன்?

மார்ச் 5, புதன்

மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"நீங்க குடிச்சிட்டு வந்து விழுந்த நாள்லாம் நான் கதவப் பூட்டி வச்சா பிரசங்கம் பண்ணேன்?"

இல்லை. என்னைவிட எத்தனையோ வருஷம் முந்தி நம்பினவள் அவள். எனக்குச் சோறு போட்டாள், தனியாக ஆராதனைக்குப் போனாள், வந்தாள். நானாகக் கேட்கிற வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அதைப் பயம் என்று நினைத்திருந்தேன். மடையன்.

மார்ச் 6, வியாழன்

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சட்டத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ ஓட்டச் சொன்னப்ப நான் ஓட்டல. அது தப்பு" என்றேன். சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை.

"சரி. இனிமே வேலைய மட்டும் பேசு" என்றான்.

பேசுகிறேன். அவனாகக் கேட்காமல் இனி இந்தப் பேச்சை எடுப்பதில்லை. அதற்காக அவனை விட்டுவிடப் போவதும் இல்லை. காலையில் அவனுக்காக ஜெபிப்பதை யார் தடுக்க முடியும்? வாயை மூடுகிறேன், அவ்வளவுதான். எனக்கு இதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் கிடையாது.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் பிடித்துக்கொண்டார். கூட்டாளியை ஏன் இன்னும் அழைத்து வரவில்லை, சாட்சி சொல்ல வெட்கமா என்று கேட்டார். முன்பென்றால் கூனிக் குறுகி, அடுத்த வாரமே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றிருப்பேன். இன்று, "இழுத்துட்டு வர மாட்டேன் ஐயா. அவனா வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆகட்டும்.

மார்ச் 20, வியாழன்

திரும்பும் வழியில் சட்டம் ரேடியோ போடவில்லை. நானும் சும்மா இருந்தேன். ஒருவிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 27, வியாழன்

லிஃப்ட் குழிக்குள் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே ஆரம்பித்தான்.

அவனுக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டம். யாரோ ஜெபக்காரர்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்களாம். அவள் போதும் என்று கையசைத்தும் நிறுத்தவில்லை. உனக்கு விசுவாசம் பத்தவில்லை, அதனால்தான் குணமாகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"அவளால எழுந்து போக முடியலப்பா. அதையே நெனச்சு அழுதுக்கிட்டே போய்ச் சேந்தா" என்றான்.

ஐயோ. அதே மாதிரி நானும் அவனை எழுந்து போக விடாமல் — எந்த முகத்தோடு அவன் பக்கத்தில் நிற்பேன்? இத்தனை காலம் ஒரே வண்டியில் போகிறோம், உனக்கு ஏன் இது பிடிக்கலன்னு ஒரு நாள்கூடக் கேக்கணும்னு தோணலயே எனக்கு. பதில்கள் வரிசைகட்டி வந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு, அக்கா எப்படி இருப்பாங்க என்று மட்டும் கேட்டேன். நன்றாகச் சிரிப்பாளாம். அவனைப் போலவே எல்லாவற்றுக்கும் சட்டம் பேசுவாளாம். வேலை முடிகிறவரை அவளைப் பற்றியே சொன்னான்.

மார்ச் 31, திங்கள்

புது ஆள் கிடைத்துவிட்டான், நாளையிலிருந்து மாற்றிவிடலாம் என்றாராம் மேற்பார்வையாளர். வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றிருக்கிறான் சட்டம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மனைவியிடம் சொன்னேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாயங்காலம் சட்டம் வீட்டுக்கு வந்தான். வந்த காரியம் என்னவென்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மனைவி தேநீர் கொடுத்தாள். பாதி குடித்த பிறகு, இன்றைக்கு உங்கள் ஆராதனையில் என்ன சொன்னார்கள் என்றான். ஆண்டவருடைய அன்பைப் பற்றி என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். முழுசாகச் சொல் என்றான். நம்பப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே என்றும் சேர்த்துக்கொண்டான்.

மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் கையை உயர்த்தினான். பாதி வாக்கியத்தில் நிறுத்தினேன்.

"அப்ப அவரு எங்கக்கா மேல கோவமா இல்லியா?"

"இல்லப்பா" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

தம்ளரைக் கீழே வைத்தான். மனைவி உள்ளே போய்விட்டாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, மிச்சத்தையும் சொல்லு" என்றான்.