பாரிஸைவிடத் தூரமான மாப்பிள்ளை

அல்ஜியர்ஸ்,
பாப் எல் வேத்.

அன்பு மகன் லியாஸுக்கு அம்மா எழுதுவது,

அல்லாவின் கிருபையால் என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கேட்கப்போவதில்லை, போனில் எப்போது கேட்டாலும் கிளிப்பிள்ளை மாதிரி நல்லா இருக்கேம்மா என்றுதான் சொல்வாய்.

போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அப்துல்ஹக் தமன்ராசெத்திலிருந்து மறுபடியும் வந்தார். நம் நவாலுக்கும் அவருக்கும் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்ய மூன்றாவது தடவையாக வந்த மனிதரை, பெண்ணின் அண்ணன் வரவில்லை என்று குஸ்குஸ் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அவர் முகம் சுளிக்காமல் இரண்டு தட்டு சாப்பிட்டார். அவருடைய அம்மாதான் செருப்பு மாட்டிக்கொண்டே, உங்க பையன் பாரிஸ்லதானே இருக்கான், நிலாவுல ஒண்ணும் இல்லையே என்று கேட்டுவிட்டாள். அவர்கள் போனபிறகு நவால் விமான நேரத்தைப் பார்த்துச் சொன்னாள். பாரிஸிலிருந்து இங்கே வர இரண்டேகால் மணி நேரமாம், தமன்ராசெத்திலிருந்து அதைவிடக் கூடுதலாம். நம் நாட்டுக்குள்ளேயே இருப்பவர் பாலைவனம் தாண்டி வருகிறார், உனக்கு ஒரு கடலைத் தாண்டக் கசக்கிறது. அந்த இரண்டேகால் மணி நேரத்தில் நான் ஒரு பானை குஸ்குஸை அவித்து இறக்கிவிடுவேன். எனக்கோ விசா கேட்கக் கேட்க இல்லை என்கிறார்கள், இந்த முழங்காலோடு அங்கே வந்து யாருடைய வேலையைப் பறிக்கப் போகிறேனோ. உனக்கு அந்தத் தொல்லையும் கிடையாது.

உன்னைத் திட்டித் தீர்க்கத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் உன் கூட்டாளி ரித்வான், பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், வீட்டுக்கு வந்தான், புதினா டீயை ஊற்ற ஊற்ற எல்லாவற்றையும் கக்கிவிட்டான். உனக்கு வேலை போய்விட்டதாம், வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது என்று புலம்புகிறாயாம். அவனைத் திட்டாதே, நான்தான் வாயைப் பிடுங்கினேன். அட மடையா, இதற்காகவா தங்கச்சியை அழ வைத்தாய்? பாவம், எனக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், அதுவும் தண்ணீர் வரும் நாளில்தான் முடிகிறது. நீ வருஷா வருஷம் சுமந்து வந்த வாசனை சோப்பு அலமாரி நிறைய இருக்கிறது, எங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டவும் அதுவே போதும். அப்பா இல்லாத வீட்டில், அவர் இடத்தில் அவளுக்காக உட்கார வேண்டியவன் நீதான். அம்மார் சித்தப்பா நான் உக்கார்றேன் என்கிறார், அவரை நம்பினால் ஓதும்போதே தூங்கிவிடுவார். ராத்திரியெல்லாம் எனக்கு உன் நினைப்புதான், தனியாக என்ன சாப்பிடுகிறாயோ.

அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். உன் டிக்கெட்டை நவால் எடுத்து அனுப்பிவிட்டாள், ரோஷப்படாமல் ஏறி உட்கார். அல்லா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், போன வேலைக்கு மேலான வேலையைத் தரட்டும்.

மறக்காதே, எதையும் வாங்கிக்கொண்டு வராதே. கை காலியாக இருந்தால்தான் இறங்கியதும் என்னைக் கட்டிக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
விமான நிலைய வாசலில் நிற்கப்போகும்
உன் அம்மா