ஒன்று, இரண்டு, ஏழு

ஜனவரி 14

அன்புள்ள எஞ்சினியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் தண்ணீர்த் தொட்டி, வீட்டு வரி, உங்கள் அண்ணனின் முழங்கால் மூன்றையும் விசாரித்தீர்கள். நான்காவதாக ஏதாவது கேட்பீர்கள் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். “சரி, வெச்சிடட்டுமா?” என்றீர்கள்.

நாம் டிவியில் பார்க்கும் சாகசத் தொடர்களைப் பற்றிப் போனில் பேசக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்தான். எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே தட்டில் வளர்ந்த கிருமிகளை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவோம். ஒருவர் கணக்கை மற்றவர் பார்ப்பதற்குள் உறையில் போட்டு ஒட்டிவிடுவோம். அப்போதுதான் ஒருவருக்கொருவர் தலையாட்டாமல் இருப்போம். அதையே நமக்கும் வைத்தேன்: பார்த்த அன்றே அபிப்பிராயத்தை எழுதித் தபாலில் போட வேண்டும், மற்றவர் எழுதியது பிறகுதான். இப்போது பார்த்தால் அந்தக் கடிதங்களில்தான் நீங்கள் வீட்டுக்காரராக இருக்கிறீர்கள். போனில் வருகிறவர் வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி இருக்கிறார்.

‘கல்தோள்’ புதிய சீசன் முதல் எபிசோடு பற்றி என் அபிப்பிராயம். தோளில் எதை ஏற்றினாலும் தாங்குவான், ஆனால் நகர்ந்தால் எல்லாம் சரிந்துவிடும் என்பது இயற்பியலுக்கு ஒத்துவராது. இருந்தாலும் நான் நம்புகிற ஒரே நாயகன் அவன்தான். மற்றவர்கள் பறக்கிறார்கள், அவன் நிற்கிறான். ‘முன்செவி’யை உங்களுக்குப் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பேசப்போவதைக் கேட்கிறவள், எதிரே இருப்பவர் இப்போது சொல்வதைக் கேட்பதே இல்லை. ‘சாம்பல் ஓட்டுநர்’ வழக்கம்போல வண்டியைத் தொலைத்தான்.

ஒரே உலகம், நான்கு தொடர். ஒன்றில் கதவைச் சாத்தினால் இன்னொன்றில் சத்தம் கேட்கிறது. நாம் மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். நான்காவதான ‘தூசிப்பெண்’ணை ஒதுக்கியவர் நீங்கள். “பள்ளிக்கூடப் பிள்ளைங்க பார்க்கிறது, எனக்கு நரைச்சுப் போச்சு.” நானும் ஒத்துக்கொண்டேன்.

மார்ச்சில் நான்கு தொடரும் சேரும் கடைசி எபிசோடு வருகிறதாம். அதைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஏப்ரலில் பாலம் முடிந்து நீங்கள் வந்ததும், இந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டு இன்னொரு முறை சேர்ந்து பார்க்கலாம். சோபாவில் உங்கள் பக்கம் இன்னும் பள்ளமாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
டாக்டரம்மா

ஜனவரி 29

என் டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். திட்டு ஒன்று, செய்தி ஒன்று, பாசம் அரை. கணக்கு சரியாக இருக்கிறது.

நான்காவது விஷயத்தைக் கேட்கத்தான் நினைக்கிறேன். “சாப்பிட்டியா, தூங்கினியா” என்று கேட்டால் “ஏன், திடீர்னு?” என்கிறாய். பயந்துபோய் வரிக்குத் திரும்பிவிடுகிறேன்.

கல்தோள் விஷயத்தில் உன்னோடு சண்டை. நிற்பது பெரிய வீரமா? வேறு வழி தெரியாதவனும் நின்றுகொண்டுதான் இருப்பான். நான் பாலம் கட்டுகிறவன், எனக்குத் தெரியும். அசையவே அசையாத பாலம்தான் முதலில் விரிசல் விடும். கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்.

இங்கே குளிர். சாப்பாட்டுக் கூடத்து டிவி அக்டோபரிலேயே செத்துவிட்டது. தலைமை மெக்கானிக் அதைப் பிரித்து மேஜையில் பரப்பினார், பிறகு அந்த மேஜையில் யாரும் சாப்பிட முடியவில்லை. அதனால் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணனிடம் முழங்காலை அசைக்கச் சொல். சோபாவில் நீ என் பக்கமும் கொஞ்சம் உட்கார், பள்ளம் சமமாகட்டும்.

உன்,
எஞ்சினியர்

மார்ச் 3

அன்புள்ள எஞ்சினியர் அவர்களுக்கு,

இப்போதுதான் கடைசி எபிசோடு முடிந்தது. இதை ஒட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கப் போகிறேன்.

முக்கால்வாசி பிரமாதம். சுரங்கப்பாதை இடிந்து, கல்தோள் கூரையைத் தாங்கி நிற்க, ஜனங்கள் அவன் கால்களுக்கு இடையே ஓடுகிறார்கள். அந்த இடத்தில் என் தேநீர் ஆறிப்போனது. கடைசி ஆள் வெளியேறியதும் அவன் செத்துவிடுவான் என்று தெரிகிறது. அவனுக்கும் தெரிகிறது.

அப்போது அந்தத் தூசிப்பெண் காற்றில் வந்து அவன் தோளில் படிகிறாள். “பத்து வரைக்கும் எண்ணுறேன், அப்புறம் விட்டுடு” என்கிறாள். எண்ணுகிறாள்: ஒன்று, இரண்டு, ஏழு, பத்து. அவன் சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறான்.

எண்ணத் தெரியாத பெண்ணையா உலகைக் காக்க அனுப்புவார்கள்? அவன் ஏன் சிரிக்கிறான்? தப்பாக எண்ணி அவன் உயிரில் சில நொடிகளைத் திருடியிருக்கிறாள், அதற்குச் சிரிப்பா? பிழைப்புக்கு எண்ணுகிறவள் என்ற முறையில் எனக்குக் கோபமாகவே வந்தது. எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

நீங்களும் இதையேதான் எழுதிக்கொண்டிருப்பீர்கள். இந்த ஒரு தடவை நம் கணக்கு ஒத்துப்போகும்.

அன்புடன்,
டாக்டரம்மா

மார்ச் 3

என் டாக்டரம்மாவுக்கு,

சட்டப்படி உடனே எழுதுகிறேன்.

அழுதுவிட்டேன். சிரிக்காதே. கல்தோள் நிற்கும்வரை சமாளித்தேன். தூசிப்பெண் வந்து அந்த எண்ணிக்கையை ஆரம்பித்தாள் பார், “ஒன்று, இரண்டு, ஏழு”, அங்கே உடைந்துவிட்டேன். ஊசிக்குப் பயப்படும் தங்கைக்கு அவள் இப்படித்தானே எண்ணுவாள்! பத்து வருவதற்குள் ஊசி முடிந்துவிடும் என்று ஏமாற்றி. நின்றுபோன லிஃப்டைத் தாங்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கல்தோள் அதைக் கேட்டுத்தானே முதல்முறை சிரித்தான்! அந்தச் சிரிப்பை இவர்கள் எடுத்துவைத்திருந்து கடைசியில் கொடுக்கிறார்கள். வலிக்கும் நேரத்தைக் குறைத்துச் சொல்வதைவிடப் பெரிய சக்தி இந்த நான்கு தொடரிலும் யாருக்கும் இல்லை.

இந்தத் தடவை உன் அபிப்பிராயம் என்னவென்று தெரிந்துகொள்ள அவசரமாக இருக்கிறது.

உன்,
எஞ்சினியர்

மார்ச் 17

அன்புள்ள எஞ்சினியர் அவர்களுக்கு,

இரண்டு கடிதங்களும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கும். என்னுடையது இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். நான் கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் உங்கள் கடிதம் பதில் சொல்லியிருந்தது.

என்னோடு வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன். நான்கு தொடரும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். “எழுதினவங்க தப்பு பண்ணிட்டாங்களா?” என்றதும் பிடித்துக்கொண்டாள். “ஐயோ மேடம், அதுதான் உயிர்நாடியே! தூசிப்பெண் மூணாவது சீசன், அந்த லிஃப்ட் எபிசோடு. அதைப் பார்க்காதவங்களுக்கு ஒண்ணுமே புரியாது. நீங்க பார்க்கலையா? சாருமா பார்க்கல?”

சாரும் பார்க்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

யாராவது கதை சொல்லிக் கேட்டிருப்பீர்கள் என்று முதலில் நினைத்தேன். கதை கேட்டவர் அந்த லிஃப்டைப் பற்றி எழுதலாம், உடைந்துபோக மாட்டார். மூன்று சீசனை யாரும் தற்செயலாகப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரியாமல் பார்த்ததில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் என்ன, என்னைக் கேட்டா பல் தேய்க்கிறீர்கள்?

என்னைத் தைத்தது அந்த அழுகை. இருபது வருஷமாக உங்களைப் பார்க்கிறேன். தனியாக உட்கார்ந்து நீங்கள் எதற்கும் அழுததில்லை. பக்கத்தில் கேலி செய்ய, துண்டை எடுத்து நீட்ட ஆள் இருந்தால்தான் உங்களுக்கு அழுகை வரும். அந்த ஆள் இங்கே நான்தான்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாரோடு பார்த்தீர்கள்?

பதில் சாதாரணமானதாக இருந்தால் என்னைக் கேலி செய்து எழுதுங்கள். ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுங்கள். காத்திருக்கிறேன்.

டாக்டரம்மா

ஏப்ரல் 6

டாக்டரம்மா,

கேலி செய்து எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை.

எங்கள் வேலைத்தளத்து மருத்துவ அறையில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். கணவன் விட்டுப்போய் வெகுநாள் ஆகிறது. இரண்டு பெண் குழந்தைகள். டிவி செத்த வாரம், கையில் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளப் போன என்னிடம், “எங்க வீட்டுல வந்து பாருங்களேன், ஆனா என்ன பார்க்கிறதுன்னு சின்னவதான் முடிவு பண்ணுவா” என்றாள். சின்னவள் தூசிப்பெண்ணைத்தான் முடிவு பண்ணினாள். அதுவும் முதல் சீசனிலிருந்து. நான் தப்பாக ஏதாவது சொன்னால், “மாமா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியல” என்று திருத்துவாள். ஒரு நாள் என் கைமேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது. எடுக்க மனம் வரவில்லை.

‘தப்பாக எதுவும் நடக்கவில்லை’ என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். உனக்கு நான் பொய்க் கணக்கு எழுதியதில்லை.

நமக்குக் குழந்தை இல்லாததைப் பற்றி நீயும் நானும் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டோம். அது குறையென்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டேன், நினைக்காமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். இது உன் தவறில்லை. என் தவறுக்கு இது சாக்கும் இல்லை.

பாலம் முடிந்துவிட்டது. பராமரிப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். பதில் சொல்லவில்லை. நீ ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுது, அடுத்த வாரம் கிளம்பி வந்துவிடுவேன். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

எஞ்சினியர்

மே 11

அன்புள்ள உங்களுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. தூசிப்பெண்ணை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காத தட்டைப் பற்றி முடிவு எழுத எனக்குப் பழக்கமில்லை.

மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தொடங்கினேன். ஒவ்வொரு எபிசோடிலும் ஓட்டை தேடினேன். இருக்கிறது, நிறைய. வில்லன்கள் அட்டைப் பெட்டி. வசனம் சில இடங்களில் கூசுகிறது. ஆனால் அந்த அக்காவும் தங்கையும் ஒரே போர்வைக்கு அடித்துக்கொள்ளும் இடங்களில் என்னால் குறிப்பு எடுக்க முடியவில்லை. லிஃப்ட் எபிசோடை இரண்டு முறை பார்த்தேன். நன்றாக இருக்கிறது. நீங்கள் ஏன் தொடர்ந்து பார்த்தீர்கள் என்று புரிகிறது. அது புரிந்த பிறகு என் கையில் வாதம் எதுவும் மிச்சமில்லை.

‘வா’ என்று எழுதினால் வருவீர்கள். வந்து தண்ணீர்த் தொட்டியைச் சரிபார்ப்பீர்கள், அண்ணனை மருத்துவரிடம் கூட்டிப்போவீர்கள். ஒரு குறையும் வைக்க மாட்டீர்கள். நான் எதிரே உட்கார்ந்து, உங்கள் கை எந்த நினைப்பில் அப்படி அசையாமல் இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சந்தேகப்படத் தெரியும். சந்தேகத்தோடு குடித்தனம் நடத்தத் தெரியாது.

பதிலே போடாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். நீங்கள் முடிவை என் தலையில் வைத்தது எவ்வளவு வலித்தது என்று தெரிந்தும் அதையே உங்களுக்குச் செய்வது சரியில்லை. ஆகவே தெளிவாக எழுதுகிறேன். வர வேண்டாம். அந்தக் குழந்தைகள் பாதியில் விடப்படுவது இன்னொரு தடவை நடக்க வேண்டாம்.

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். இரவெல்லாம் உங்களைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த நர்ஸின் முகம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து, அதில் குறை கண்டுபிடித்து, அதற்காக வெட்கப்பட்டும் ஆயிற்று.

உங்கள் சான்றிதழ்களையும் கனமான உடுப்புகளையும் இந்த வாரம் அனுப்புகிறேன். அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், அந்த ஒன்றை மட்டும் என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டாம். புதிய சீசன் வந்தால் அதைப் பற்றி எனக்கு எழுதவும் வேண்டாம்.

இன்று மதியம் பரிசோதனைக் கூடத்துப் பெண் எதிரே வந்து உட்கார்ந்து, “சார் கடைசி எபிசோடைப் பத்தி என்ன சொன்னாரு மேடம்? நீங்க சொல்லவே இல்லையே?” என்றாள்.

“அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு” என்றேன்.

“உங்களுக்கு?”

எழுந்து கை கழுவப் போய்விட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, அது ஓடுகிற சத்தத்தில் வெகு நேரம் நின்றிருந்தேன்.

டாக்டரம்மா