ஆய்வகத்துக்கு வந்த இருவர்

தம்பி,

போன் இருக்கக் கடிதமா என்று சிரிக்காதே. கொண்டுவருபவள் என் அறைத்தோழி, நம்பலாம்.

என் ஆராய்ச்சி என்னவென்று உனக்குத் தெரியும். நெட்வொர்க்கில் போகும் செய்தியைப் பிரித்துப் படிக்காமலே, அது போகிற வேகத்தை வைத்து, டைப் அடிப்பவர் யாரென்று கண்டுபிடிப்பது.

நேற்று என் கைடு, யாரென்று சொல்லாமல் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். பெயர் போடாமல் அரசாங்கத்தைக் கேள்வி கேட்டு எழுதும் ஒருவரைத் தேடுகிறார்களாம். நம் ஊர் இணைப்புகளின் பதிவைக் கொடுத்து, "ஆளைக் காட்டும்மா, பட்டம் உன் கையில" என்றார்கள்.

என் புரோகிராமை அதில் ஓட்டினேன். நம் வீட்டு மோடத்தை மாட்டியவளே நான்தானே, திரையில் வந்த இணைப்பு எண் எனக்குத் தெரியாதா?

"தப்பா காட்டுது சார், புரோகிராம் இன்னும் சரியா வரல" என்று திரையில் வந்ததை அழித்துவிட்டேன். வந்தவர்களில் ஒருவர் போகும்போது கதவருகே நின்று, "உங்களுக்கு ஒரு தம்பி இருக்காராமே, என்ன பண்றார்?" என்றார், சிரித்தபடி.

அம்மாவிடம் சொல்லாதே, பயந்துவிடுவாள். லேப்டாப்பைத் தொடாமல் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடு.

நீதானா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லிவிடாதே. நாளை மறுபடி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்; எனக்குப் பொய் அவ்வளவாக வராது.

உன் அக்கா