போர்ச்சில் கிடந்த நட்டு

அன்பு மகள் லோஷினிக்கு, அப்பா ஆசியுடன் எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை, கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன். நாளைக்கு உனக்கு முறுக்கும் மிளகாய்த்தூளும் பார்சல் போகிறது, அதற்குள் வைக்கத்தான் இந்தக் கடிதம். உன் அம்மாவும் தம்பி கவினும் நீ ஓட்டிக்கொண்டிருந்து இங்கே விட்டுப்போன காடியில் தெப்ராவ் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். நான் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். மேசைமேல் என் எதிரில் ஒரு நட்டு இருக்கிறது. அது அந்தக் காடியில் இருக்க வேண்டிய நட்டு.

முதலிலிருந்து சொல்கிறேன், ஒரு போனுக்குக் காத்திருக்கிறேன், அது வரும்வரை கைக்கு ஒரு வேலை வேண்டும். காடியின் ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தப் போகிறேன் என்று உன் தம்பி போன மாதம் சொன்னபோது நான் முடியாது என்றேன். நீதான் போனில் “விடுங்கப்பா, ஆசைப்படறான், இப்ப அவன்தானே ஓட்டறான்” என்று பரிந்து பேசினாய். சரி, செய்வதைப் பட்டறையில் கொடுத்துச் செய் என்றால் அதுவும் கேட்கவில்லை. வீடியோ பார்த்துப் படித்துவிட்டானாம், வீட்டிலேயே செய்வானாம். இன்று ஞாயிறு, காலையிலேயே அவனும் அவன் கூட்டாளி ஹேமநாதனும் வீட்டு வாசல் போர்ச்சில் காடியைத் தூக்கி நிறுத்தி நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டார்கள். பின்பக்கம் சுலபமாக முடிந்தது. முன்பக்கம்தான் ஆபத்து. குலுக்கலைத் தாங்கும் அப்சோபரைச் சுற்றி இருக்கும் பழைய ஸ்பிரிங்கை இரண்டு நீளத் திருகாணிகளால் கொக்கி போட்டு அமுக்கி, அது அடங்கியபிறகு மேல் நட்டைக் கழற்ற வேண்டும். கொக்கி நழுவினால் அந்த ஸ்பிரிங் ஆளின் முகத்தில்தான் பாயும். கவின் குனிந்து இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று முறுக்க முறுக்க அது கிறீச் கிறீச்சென்று முனகியது. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உள்ளே போகவும் மனமில்லை. “மூஞ்சைத் தள்ளி வச்சுக்கடா” என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். “அப்பா, நீங்க பேசினாத்தான் எனக்குக் கணக்குத் தவறுது” என்றான். நான் இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

அந்தக் கண்டம் தாண்டியது. புது ஸ்பிரிங் இரண்டும் ஏறின. அப்போதுதான் உன் அம்மா குளித்துப் பட்டுக் கட்டி, தட்டில் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். காடியில் இவ்வளவு பெரிய வேலை நடந்திருக்கிறது, பழம் வைத்து நசுக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்யாமல் எப்படி என்றாள். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் காடி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பையன்கள் ஸ்பானரும் கையுமாக ஓடினார்கள். ஹேமநாதன் வலது பக்கத்தை முடுக்கிக்கொண்டிருந்தவன், அம்மா கூப்பிட்டாள் என்று எழுந்துபோய் மற்றச் சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்தான். கவின் வந்து அந்த வலதுபக்க முன்சக்கரத்தை மாட்டினான். ஹேமநாதன் முடித்துவிட்டான் என்று கவின் நினைத்தான், கவின் பார்த்துக்கொள்வான் என்று அவன் நினைத்தான். பதறாத காரியம் சிதறாது என்று உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான். இன்றைக்குச் சொல்ல வேண்டிய நேரத்தில், எப்படியோ இந்தச் சத்தம் ஓய்ந்தால் போதும் என்று பேசாமல் நின்றேன். பழம் நான்கும் நசுங்கின, காடி போனது, ஹேமநாதன் வீட்டுக்குக் கிளம்பினான். தரையைக் கழுவலாம் என்று நான் விளக்குமாற்றை எடுத்தேன், நசுங்கிய பழத்தோலோடு சேர்ந்து இது உருண்டு வந்தது.

கவினுக்குப் போன் அடித்தேன், அது இங்கேயே சார்ஜில் கிடந்து பாடுகிறது. உன் அம்மாதான் கோயிலுக்குப் போன் கொண்டுபோக மாட்டாளே. நட்டைப் படம் எடுத்து ஹேமநாதனுக்கு அனுப்பினேன். அவன் உடனே கூப்பிட்டான். “அங்கிள், அது அப்சோபரைச் சக்கரத்தோட பிடிக்கிற நட்டு அங்கிள். ரெண்டு இருக்கு, அதுல ஒண்ணு. நான் மோட்டார் சைக்கிள்ல போய்ப் பிடிக்கிறேன், நீங்க போன் பக்கத்துலயே இருங்க” என்றான். அதனால்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சாலை உனக்குத் தெரியும், எல்லை தாண்டி வரும் சிங்கப்பூர் காடிகள் எல்லாம் எப்படிப் பறக்கும். நட்டு இல்லாத போல்ட் ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அது வந்துவிட்டால் சக்கரம் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது அம்மா. அவன் வேகமாக ஓட்டக்கூடாது, அது ஒன்றுதான். போன் அடிக்கிறது, நிறுத்துகிறேன்.

கடிதத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், இப்போது வீட்டு விளக்கைப் போட்டாயிற்று. போனில் பேசியது ஹேமநாதன், இருவரும் கோயில் வாசலில்தான் நிற்கிறார்கள், நட்டைக் கொண்டுவாருங்கள் என்றான். நான் சட்டைப் பையில் நட்டைப் போட்டுக்கொண்டு மோட்டாரில் போனேன். போகும் வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காடி நான்கு விரல் தாழ்ந்துவிட்டதால் தூக்கும் ஜெக் அடியில் நுழையவில்லை, கோயிலுக்கு வந்தவர்கள் நாலு பேர் பிடித்துத் தூக்கி ஜெக்கை உள்ளே தள்ளினார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்து தொங்கியது. ஒரு சுண்டுவிரல் நகத்தளவுதான் உள்ளே பிடித்திருந்தது. உன் அம்மா செய்த புண்ணியம் என்ன தெரியுமா, நம் தாமான் குடியிருப்பை விட்டு வெளியே போகும் முன்பே வேகத்தடை மேட்டில் காடியின் அடி உரசிவிட்டதாம், அதிலிருந்து கோயில் வரைக்கும் அவனை மாட்டுவண்டி போல ஓட்டவைத்திருக்கிறாள், முப்பதுக்குமேல் போனால் இறங்கிவிடுவேன் என்று. அவசரப்படுத்தியதும் அவள், மெதுவாக்கியதும் அவள். கவின் அந்தப் போல்ட்டைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்ததை அவன் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். நட்டை அவன் கையில் கொடுத்தேன். அவனே போட்டான், அவனே முடுக்கினான். மற்ற ஒவ்வொரு சக்கரத்தையும் அவிழ்த்து, ஒவ்வொரு நட்டிலும் நான் ஸ்பானர் வைத்துப் பார்த்தேன்.

திரும்பும்போது என்னோடு மோட்டாரில் ஏறு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். “என் புள்ள ஓட்டற காடி இது, நான் எதுக்கு உங்க மோட்டார்ல வரணும்” என்று முன்சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பின்னாலேயே வந்தேன். தம்போயில் நம் வீடு வரைக்கும் சாலையைப் பார்த்தேனோ இல்லையோ, அந்த வலதுபக்க முன்சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்காவுக்குச் சொல்லாதீர்கள் என்று கவின் கேட்டிருக்கிறான். காடி உன்னுடையது, அதனால் சொல்லிவிட்டேன், நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நாளை அதைப் பட்டறையில் காட்டச் சொல்லியிருக்கிறேன், சரி என்று உடனே தலையாட்டினான்.

நீயும் அங்கே ஒரு பழைய காடி வாங்கி, விடியுமுன் ஆஸ்பத்திரி வேலைக்கு ஓட்டிப் போகிறாய். இங்கே என்றால் ஒரு மோட்டாரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவேன். உன் பின்னால் வர எனக்கு வழியில்லையே அம்மா. அதனால் ஏறுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டு ஏறு, அப்பா பார்ப்பதாக நினைத்துக்கொள். மிளகாய்த்தூளை டப்பாவில் மாற்றி வை. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல சுகத்தோடும் இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஆரம்பத்தில் பாக்கி வைத்த வரியை இப்போது எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம்.

உன் அன்பு அப்பா,
சதாசிவம்
தம்போய், ஜொகூர்