கப்பலில் அத்தையோடு ஓர் அறை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்பது போனில் உன் பேச்சிலேயே தெரிந்தது, இருமல் இன்னும் விடவில்லை என்பதும் அதே பேச்சில்தான் தெரிந்தது, வெந்நீரைக் குடி, சொன்னால் கேள். அப்பாவின் கணுக்கால் கூடிவிட்டது, படியிறங்கும்போது மட்டும் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், ஆனாலும் பல்பு மாற்ற ஏணியில் ஏறக்கூடாது என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். வீட்டு முன்னறைத் தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை மலை மாதிரி குவிந்து கிடக்கிறது, அதனால்தான் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. உன் மாமனார் மாமியாரை முதல் தடவையாகக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள், என்னென்ன தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாய். நாங்கள் கப்பலில் போய்வந்ததைப் பற்றி நானும் போனில் "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி முடித்துவிட்டேன். முழுசாகச் சொல்ல எழுதத்தான் வேண்டும்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளை அவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அறைக்கு வந்து சேர சாயங்காலம் ஆகும், அதனால் மாத்திரை, கண்ணாடி, மாற்று உடை எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும், நான் அன்று முழுக்கக் கசங்கிய புடவையோடு பெரிய மனிதர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஏறினதும் மிதவைச் சட்டை எப்படிப் போட்டுக்கொள்வது என்று சொல்லித்தர எல்லோரையும் கூப்பிடுவார்கள், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று உன் மாமனார் நழுவப் பார்ப்பார், விடாதே. ஆட்டம் தெரியாமல் இருக்க கீழ்த்தட்டில் நடுவாக அறை கேள், வயிறு புரட்டுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், புரட்டின பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தாழ்வாரம் எல்லாம் ஒரே மாதிரி நீண்டு கிடக்கும், வயதானவர்களுக்குத் தங்கள் கதவு எது என்று தெரியாது, நான் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டி வைத்தேன். துறைமுகத்தில் இறங்கினால் சொன்ன நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், பஸ் மாதிரி கையைக் காட்டி நிறுத்த முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஜன்னல் இல்லாத உள்ளறையை எடுத்துவிடாதே. எங்களுக்கு டிக்கெட் எடுத்தபோது உனக்குத் தெரியாமல்தான் அதைப் போட்டுவிட்டாய், அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. படத்தில் பார்த்தால் கண்ணாடியும் விளக்குமாகப் பளபளவென்றுதான் இருக்கிறது, உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

அப்பா ஏணியிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டதால் அவருடைய டிக்கெட்டைப் பெயர் மாற்றி உன் அத்தையை அனுப்பினோம் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அவள் வந்ததில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் தைத்த ஒரு ரவிக்கையையாவது அவள் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. டெலிபோன் ஆபீஸில் ஆயுசு முழுக்க இணைப்புக் கொடுத்தவள், அந்த அதிகாரக் குரல் ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வு பெறவில்லை. கப்பலில் ஏறின மறுநாள் நாங்கள் இருவரும் மேல்தட்டில் உட்கார்ந்து கடலைப் பார்த்தோம், எனக்குக் கண் கூசியது, அவள் மட்டும் யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அவளுக்கு வாந்தி. வெளியே யாரிடமும் சொல்லாதே என்றாள், நான் பயந்து போய் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டேன். வந்தவர் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார், கப்பலில் இன்னும் சில பேருக்கு இதே வயிற்றுக் கோளாறு, பரவாமல் இருக்க நீங்கள் இருவரும் நான் சொல்லும்வரை அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஒரே அறை என்பதால் நானும் உள்ளே. அதனால் சொல்கிறேன், சாப்பாட்டு அறை வாசலில் கையில் ஊற்றுகிற அந்தத் தண்ணி மருந்தைத் தடவினால் போதும் என்று இருக்காதே, சாப்பிடும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்.

அந்த அறையைப் பற்றி உனக்கு எப்படிச் சொல்வது. இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற இடம், ஒரு மேசை, குளிக்கிற இடத்தில் குனிந்து சோப்பை எடுத்தால் முதுகு சுவரில் இடிக்கும். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். பகலா ராத்திரியா தெரியாது. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஆள் போய்விடுவான், நாங்கள் திறந்து எடுப்பதற்குள் முதுகுகூடத் தெரியாது. சுவர் நெருங்கி வருகிற மாதிரி எனக்கு இருந்தது, உட்காருவேன், எழுந்திருப்பேன், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவேன். உன் அத்தை அப்படி இல்லை. வாந்தி நின்றதுமே எழுந்து போர்வையை மடித்து வைத்தாள். டிவியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, கப்பலின் முன்பக்கம் காமிரா வைத்துக் கடலை மட்டும் காட்டிக்கொண்டே இருக்கிற ஒரு சேனலைக் கண்டுபிடித்தாள், "இதைப் போட்டு வெச்சா வெளிச்சம் மாறுறது தெரியும், மனசு தாங்கும்" என்றாள். வந்த சாப்பாட்டில் பாதியை மூடி வைத்தாள், பசிக்காகச் சாப்பிடாதே, நேரத்துக்காகச் சாப்பிடு என்றாள். கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் மெதுவாக நடந்தாள். அடிக்கடி எழுந்துபோய்க் கதவை ஒரு விரல்கடை திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டு வந்தாள். தட்டு வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. மாட்டிக்கொண்டது போதாதென்று, மாட்டிக்கொள்வதிலும் இவள்தான் கெட்டிக்காரியா என்று.

ஒருநாள் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றது. எல்லோரும் இறங்கலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தாழ்வாரம் முழுக்கச் செருப்புச் சத்தம், குழந்தைகள் சிரிப்பு, யாரோ தொப்பியை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடுகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அந்த அமைதியில் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, எழுந்துபோய் இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன், யாராவது வாங்க என்று கத்தினேன். கதவு பூட்டியில்லை, நானே திறக்கலாம், அதுகூடத் தோன்றவில்லை. உன் அத்தை வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். "தட்டாதே. தட்டினா யாரும் வர மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவாங்க, அவ்வளவுதான்" என்றாள். பக்கத்து அறை என்று சொல்லவில்லை, பக்கத்து வீடு என்றாள். எந்தப் பக்கத்து வீடு அண்ணி என்று கேட்டேன். அவள் டிவியில் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் விடவில்லை. அப்புறம்தான் சொன்னாள்.

அவள் ஒருமுறை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய், அது பொங்கி நெருப்பு அணைந்து வீடெல்லாம் கேஸ் வாடை. நல்ல வேளையாக அவள் பிள்ளை, உன் அத்தான், மருந்துக்கடையிலிருந்து சாப்பிட வந்தவன் ஜன்னலைத் திறந்துவிட்டான். இன்னொருமுறை காய் வாங்கப் போனவள் வழி தெரியாமல் வேறு தெருவில் நின்றிருக்கிறாள். அதிலிருந்து அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். சூடு ஆறாத டப்பாவில் சாப்பாடு, சார்ஜ் போட்ட போன், டிவி, எல்லாம் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள், ஒரு குறை இல்லை. "அவங்களைத் தப்பு சொல்லாதே, பயப்படுறாங்க" என்றாள். போர்வை நுனியை மடித்துக்கொண்டே, "பயம் எனக்கும்தான். ஏதாவது பத்திக்கிட்டா எப்படி வெளிய போறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். இந்த ரூம் பரவாயில்ல. கைப்பிடியைத் திருப்பினா கதவு திறக்குது" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் தட்டு வந்ததா என்று பார்க்கப் போகவில்லை. கதவு திறக்கிறதா என்றுதான் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் என் முகத்தைப் பார்த்து, "என் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே, அவன் போய்ச் சண்டை போடுவான், பிள்ளைக்கும் எனக்கும் நடுவுல இருக்கறதும் போயிடும்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய முடியும் அந்த அறையில்.

பயணம் முடிய ஒருநாள் இருக்கும்போது எங்களை வெளியே விட்டார்கள். மேல்தட்டைச் சுற்றிச் சுற்றிக் கால் ஓயும்வரை நடந்தோம், அவள் வாயைத் திறந்தது ஒரே தடவை, டீ ஆறிப்போயிருக்கு என்று சொல்ல. கரையில் உன் அத்தான் காரோடு காத்திருந்தான். அண்ணி கொஞ்ச நாள் எங்களோடு இருக்கட்டும் என்றேன். அவனுக்கு மறுப்பில்லை, பெட்டியை எங்கள் ஆட்டோவில் அவனே ஏற்றினான், அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரி மாத்திரையைப் பற்றிச் சொல்கிற அதே குரலில், "வெளிய போனா பூட்டிட்டுப் போங்க, இல்லன்னா கஷ்டம்" என்றான். கண்ணெல்லாம் தூக்கமில்லாத கண். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

நான் கொடுத்த வாக்கு வீட்டு வாசல்வரைதான் தாங்கியது. அத்தை குளிக்கப் போனதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, சண்டைக்கும் போகவில்லை. அக்கா இனிமேல் இங்கேதான் இருப்பாள் என்று உன் அத்தானிடம் போனில் சொன்னார். பிறகு கட்டுப் போட்ட காலோடு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, உன் அறைக் கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைத் திருகி எடுத்தார். அது துருப்பிடித்து வர மறுத்தது, வெகுநேரம் முனகிக்கொண்டே திருகினார், என்னை உதவ விடவில்லை. உன் அத்தான் மறுநாள் வந்து, நான் என்ன கொடுமையா பண்ணிட்டேன் என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அழுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான், அவளும் அவன் சட்டைக் காலரில் குறை கண்டுபிடிக்கிறாள். இத்தனையும் உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், நான் போனில் பேசும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே இருக்கிறாள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைத்துவிடாதே. போன வாரம் சீருடைகளைப் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்தேன், அப்பாவும் வீட்டில் இல்லை, கதவு திறந்து கிடக்கிறது, அவளைக் காணவில்லை. தெருவின் இரண்டு முனைக்கும் ஓடினேன். பூட்டிவிட்டே போயிருக்கலாம் என்று என் மனசு சொன்னது, தெளிவாகச் சொன்னது, உன் அத்தான் எந்தப் பதைபதைப்போடு அந்தச் சாவியைத் திருப்பியிருப்பான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடையைப் பூட்டிவிட்டு இன்னும் தூரம் போய்த் தேடலாம் என்று பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன், எதிரே ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து நிற்கிறாள், பக்கத்துக் கடையில் பழசு, அதனால் தள்ளிப் போனேன் என்கிறாள். சொல்லிக்கொண்டே என் கையில் இருந்த பூட்டைப் பார்த்தாள். உங்களைத் தேடத்தான் அண்ணி, கடையைப் பூட்டப் போனேன் என்றேன். அவள் பூட்டிலிருந்து கண்ணை எடுத்து, பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "சரி, வா, டீ போடறேன்" என்று உள்ளே போனாள். போட்டாள். அடுப்பை அணைக்கிறாளா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன், நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அணைத்தாள்.

அதனால் அடுத்த முறை நீங்கள் வரும்போது உன் அறை கிடையாது, கூடத்தில்தான் படுக்கை, மாப்பிள்ளையிடம் இப்போதே பக்குவமாகச் சொல்லி வை. நீங்கள் போகிற கடல் அமைதியாக இருக்கட்டும், போன இடமெல்லாம் வெயிலும் சிரிப்புமாக இருந்து, நால்வரும் நோய்நொடி இல்லாமல் கரையேற வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். இன்னும் ஒன்று. கப்பலில் ஏறினதும் ஆளுக்கொரு அட்டை கொடுப்பார்கள், அறைச் சாவி அதுதான். பெரியவர்கள் தொலைத்துவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் வாங்கி உன் கைப்பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். வேண்டாம் கண்ணு. தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம், அவரவர் சாவி அவரவர் கையில் இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா