மச்சான் வீட்டுப் பேட்டரி

மச்சான்,

இன்று காலை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மூடியைத் திருகித் திறந்ததும் அமிலத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பக்கத்தில் நின்று, "வழிய வழிய ஊத்தாத மாப்ளே, அது என்ன சாம்பாரா?" என்று கேட்க ஆள் இல்லை.

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொருவரும் உன்னைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. பத்திரிகைக்காரன் பேசாமல் நிற்கிறானே, துக்கம் தாங்கவில்லை போலும் என்று நினைத்திருப்பார்கள். துக்கம் இருந்தது. அதன் பக்கத்திலேயே, இடித்துக்கொண்டு, பொறாமையும் நின்றது. கூட்டத்தின் முன்வரிசையில் என் மகள் ஜெனி உனக்காக அழுத அழுகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ இருந்தபோது என்னைச் சொல்லவிட்டதில்லை.

காக்ஸ் டவுனில் நம் சந்தில் முதல் சூரியத் தகடு என் வீட்டு மாடியில்தான் ஏறியது. அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து தரைக்கடியில் இருக்கும் சம்ப்புத் தொட்டியில் விழும். அதை மாடித் தொட்டிக்கு ஏற்றலாம் என்று போனால் கரன்ட் இருக்காது. செய்தி சேகரிக்கப் போன ஓர் இடத்தில் தகட்டிலிருந்தே நேராக ஓடும் சின்ன மோட்டாரைப் பார்த்தேன். வாங்கிவந்து மாட்டினேன். வெயில் அடித்தால் தண்ணீர் ஏறும். சந்தே வந்து பார்த்தது. நீயும் எதிர்வீட்டிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாய்.

"எல்லாம் சரி மாப்ளே. சாயங்காலம் என்ன பண்ணும்?"

"சாயங்காலம் வெயில் இல்லையே."

"அப்போ அஞ்சு மணிக்கு ஷட்டரை இறக்கிடுமா? நான் வேலை பாக்குற பேங்க்கைவிட மோசம்டா இது."

உன் தங்கை, என் மனைவி, படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று உன்மேல் வந்தது வெறும் கோபம்.

அடுத்த வருடம் நீயும் அதே தகட்டை வாங்கினாய். அதுவரை எனக்குப் பெருமைதான். பிறகு ஒருநாள் உன் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. இரண்டு ஆள் தூக்கும் கனத்தில் கறுப்பாக ஒரு பேட்டரி இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. பகல் முழுக்கத் தகடு அவற்றை நிரப்பியது. அன்று மாலை லோட் ஷெட்டிங்கில் சந்து முழுவதும் அணைந்தபோது உன் கூடத்தில் மட்டும் இரண்டு சின்ன டியூப்லைட்டுகள் எரிந்தன. என் யோசனை, என் தகடு. நீ அதைச் சாயங்காலம்வரை நீட்டினாய். சந்தில் பேச்சே மாறிப்போனது. 'சோலார் வீடு' என்றால் அதற்குப் பிறகு உன் வீடுதான்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஜெனி புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக் கடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவள் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் இருந்தாள். கரன்ட் போன மறு நிமிடம், "மாமா வீட்டுக்குப் போறேம்ப்பா" என்ற குரல் மட்டும் கேட்கும்; ஆள் கேட்டைத் தாண்டியிருப்பாள். கொஞ்ச நேரத்தில் உன் தங்கையும் காய் நறுக்கும் தட்டோடு பின்னால் போவாள். நான் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துச் செய்தி எழுதுவேன். தலையைத் தூக்கினால் எதிர் ஜன்னலில் என் மகள். உன் மேஜையில், உன் வெளிச்சத்தில், நீ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பாள். என்ன சொன்னாய் என்று கேட்காது. தொழிலில் யார் யாரோ மூடிய கதவுக்குப் பின்னால் பேசியதையெல்லாம் தோண்டி எடுத்தவன் நான். அந்த ஜன்னலிலிருந்து ஒரு வார்த்தைகூட என்னால் எடுக்க முடியவில்லை.

நானும் பேட்டரி வைக்க முடிவு செய்தேன். உன்னிடம் மூச்சு விடவில்லை. ஃபிட்டர் வந்து புதிய பேட்டரியை வைத்து, பேட்டரிக்கு மின்சாரத்தை அளந்து விடும் சார்ஜ் கன்ட்ரோலரைச் சுவரில் அடித்து, வயரை முறுக்கிக்கொண்டிருந்தார். விற்றுவிட்ட காரிலிருந்து எடுத்துவைத்திருந்த பழைய பேட்டரியையும் நான் இழுத்துவந்து பக்கத்தில் வைத்தேன்.

"ஹளேது ஹொஸது சேரிஸ்பேடி சார்," என்றார். பழையதையும் புதியதையும் சேர்க்காதீர்கள் என்று கன்னடத்தில் அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் உன் வீட்டில் இரண்டு இருந்தது. என் வீட்டிலும் இரண்டு இருக்க வேண்டும். சேர்க்கச் சொன்னேன்.

அன்று மாலை கரன்ட் போகட்டும் என்று நான் காத்திருந்ததுபோல் இந்த ஊரில் யாரும் காத்திருந்திருக்க மாட்டார்கள். போனது. என் விளக்கு எரிந்தது. உன்னைக் கூப்பிட்டு அனுப்பினேன். நீ வந்து உட்கார்ந்து காப்பியை ஒரு வாய் குடிப்பதற்குள் வெளிச்சம் மங்கி, மஞ்சளாகி, அணைந்தே போனது. இருட்டில் முதலில் கேட்டது ஜெனியின் சிரிப்பு. நீ எழுந்து போய் இரண்டு பேட்டரிகளையும் தொட்டுப் பார்த்தாய்.

"பழசு கொதிக்குது மாப்ளே. புதுசுல இருக்குறதையெல்லாம் இது குடிச்சிடுச்சு. ஒண்ணே போதுமே, ரெண்டு எதுக்குடா?"

"சும்மா வச்சேன்."

"சும்மாவா? எங்க வீட்ல ரெண்டு பொண்டாட்டி இருந்தா நீயும் இன்னொண்ணு கட்டுவியா?"

"அண்ணே!" என்று உன் தங்கை அதட்டினாள். நீயே பழையதைக் கழற்றிவிட்டாய். மறுநாளிலிருந்து ஒற்றை பேட்டரியில் என் வீட்டில் விளக்கு ஒழுங்காக எரிந்தது.

அப்போதும் ஜெனி சந்தைக் கடந்தாள்.

"நம்ம வீட்லயே லைட் எரியுதேம்மா?" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எரியுதுப்பா. ஆனா இங்க பேனா கீழ விழுந்தாலே 'உஷ்'னு சொல்றீங்க. அங்க அத்தை பாடுவாங்க, மாமா கேரம் போர்டைத் தட்டுவார். எனக்குச் சத்தம் இருந்தாதான் படிப்பு ஏறும்."

நான் எழுத உட்கார்ந்தால் வீட்டில் யாரும் பேசக் கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து இருந்த சட்டம். அவள் அதற்குள்தான் பிறந்தாள். பேட்டரி வாங்கலாம்; உன் கூடத்தை எந்தக் கடையில் வாங்குவது? பரீட்சை முடிந்தால் கல்லூரி, பிறகு வேலை, கல்யாணம். அவள் என் வீட்டில் இருக்கப்போகும் மாலைகளே கொஞ்சம்தான். அவையும் உன் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் தங்கை உன்னிடம் சொன்னாளா, நீயே ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்தாயா, தெரியாது. பரீட்சைக்கு முந்தைய மாதம் ஒரு மாலை, கரன்ட் போனதும், நீ கேரம் போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக் கடந்து வந்தாய். பின்னால் பையோடு ஜெனி.

"என் பேட்டரி ரெண்டும் படுத்துடுச்சு மாப்ளே. அகதியா வந்திருக்கோம். துரத்தாத."

என் கூடத்தின் நடுவில் போர்டைப் போட்டாய். உன் தங்கையை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொரு காயையும் சண்டை போட்டு அடித்தாய். ஜெனி என் மேஜையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். 'உஷ்' என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். அன்றைய செய்தியில் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

எதையும் நேரில் பார்க்காமல் நம்பாதவன் நான். அடுத்த நாள் மாலை, நீ என் வீட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது டார்ச்சை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கன்ட்ரோலரில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. பேட்டரி நிறைந்திருந்தது. விளக்குக்குப் போகும் வயர் மட்டும் கழற்றப்பட்டு, முனையில் டேப் சுற்றி, சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. உன் மனைவி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னைப் பார்க்காதீங்க அண்ணா. கழட்டினவர் உங்க வீட்லதான் இருக்கார், அவரைக் கேளுங்க," என்றாள்.

நான் திரும்பி வந்தேன். ஸ்ட்ரைக்கரை விரலில் வைத்தபடி நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"பாத்தியா? என்ன கோளாறு?"

"பெரிய கோளாறு மச்சான். சரியாக நாளாகும்."

"பரீட்சை முடியிற வரைக்கும் ஆகுமோ?"

"ஆகும்."

"நினைச்சேன்," என்று சொல்லிச் சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளினாய். அதற்குப் பிறகு நாம் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

அன்று உன்மேல் வந்த பொறாமைக்கு முன்னால் பழைய பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. வெளிச்சத்தில் நீ என்னை மிஞ்சியபோது நான் கடைக்குப் போய் ஈடுகட்டினேன். வீட்டை இருட்டாக்கிக்கொண்டு மிஞ்சினாயே, அதற்கு எந்தக் கடைக்குப் போவேன்? உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வயரைக் கழற்றியிருப்பேனா என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். உறுதியான பதில் கிடைக்காததை நான் எழுதுவதில்லை.

ஜெனிக்கு இப்போது சொந்தக் குடும்பம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் வருகிறாள். கரன்ட் போனால் பேட்டரி விளக்கு தானாக எரிகிறது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறேன். நான் கண்ட தேர்தல்கள், வெள்ளங்கள், மந்திரிகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறாள். நீ கேரம் போர்டைத் தலையில் சுமந்து வந்ததையும் ரெண்டு பொண்டாட்டிக் கதையையும் சொல்லும்போதுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "இன்னொண்ணு சொல்லுங்கப்பா, மாமாவைப் பத்தி" என்கிறாள்.

என் கூடத்தில், என் விளக்கடியில், என் மகள் உனக்காகச் சிரிக்கிறாள். வயிறு எரிகிறது மச்சான். அடுத்த கதையைத் தொடங்குகிறேன்.